தீபாவளிக்கு ‘நமக்கென்ன’ ஸ்டிக்கர் போடுகிறவர்கள்

வாசகர் ஒருவர் கேட்டது: “பண்டிகை அன்றைக்குக் குடும்பக் குழுவில் எல்லாரும் விளக்குப் படம், வாழ்த்து, முறுக்குத் தட்டு என்று போட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒருத்தர் மட்டும் அலட்டிக்கொள்ளாத முகம் ஒன்றை ஸ்டிக்கராகத் தட்டிவிட்டுப் போய்விடுவார். என் தம்பி வருடா வருடம் இதைத்தான் செய்கிறான். இவர்களுக்கு நிஜமாகவே ஒட்டுதல் இல்லையா, இல்லை சும்மா சீன் போடுகிறார்களா?”

17 அக்டோபர் 2025, வெள்ளி இரவு

சீன்தான். இதில் என்ன சந்தேகம்? ஒட்டுதல் இல்லாத ஆள் அந்த நேரத்தில் குழுவையே திறக்க மாட்டார், குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். பெரியம்மா விடியற்காலையில் “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்று கேட்ட ஐந்தாவது நிமிடம் ஸ்டிக்கர் வந்து விழுகிறதென்றால், ஆள் விழித்திருக்கிறார், போனும் கையில் இருக்கிறது, யாராவது கேட்கட்டும் என்று காத்தும் இருக்கிறார்.

17 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

எந்த முகம் என்று சொல்லவில்லையே. அது ரொம்ப முக்கியம்.

18 அக்டோபர், சனி

தம்பி போடுவது கைப்புள்ள என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் தீர்ப்பு சுலபம்.

2003-ல் வந்த ‘வின்னர்’ படத்தில் வடிவேலுவுக்கு அந்தப் பெயர். அதில் அவர் ஒரு சங்கத்துக்குத் தலைவர், ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’. பத்து வருடம் கழித்து அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து இன்னொரு படம் வருகிற அளவுக்கு அது ஜனங்களிடம் ஒட்டிக்கொண்டது. சரி, வருத்தப்படாத சங்கத்தின் தலைவர் படம் முழுக்க என்ன செய்கிறார்? அடி வாங்குகிறார். போகிற இடம், வருகிற இடம், ஒன்று பாக்கியில்லை. நம் கையில் இருக்கும் ஸ்டிக்கரில் அந்த அடியெல்லாம் இல்லை. அடிக்கு முந்திய நிமிடத்து மிடுக்கை மட்டும் யாரோ கத்தரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால்தான் அது சிரிப்பு வரவழைக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று மனப்பாடமாகத் தெரியும். உங்கள் தம்பிக்கும் தெரியும். ‘எனக்கு வருத்தமே இல்லை’ என்பதற்கு, வருத்தப்படாததாக நடித்து உதைபடும் ஆளைத் தேடிப்பிடித்துப் போடுகிறவரை ஒட்டுதல் இல்லாதவர் என்று நான் எப்படி நம்புவது?

18 அக்டோபர், இரவு

“ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று கேட்டவருக்கு: ஆமாம். நீங்களும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்.

19 அக்டோபர், ஞாயிறு

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று இன்னொருவர் கேட்டார். எனக்குத் தெரிந்து 2018. அதற்கு முன்னாலும் மீம் இருந்தது, ஆனால் அது வேறு ஜாதி. மூலையில் ஏதாவது முகநூல் பக்கத்தின் முத்திரை இருக்கும், மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, நடுவில் படம். அதில் ஒரு ஜோக் இருக்கும். அந்த ஜோக்கை எழுதியவர் வேறு யாரோ, அனுப்புகிறவர் தபால்காரர்தான்.

வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் வந்தது 2018 அக்டோபர் கடைசியில். அந்த வருடத் தீபாவளி நவம்பர் 6. இடையில் இருந்த கொஞ்ச நாளிலேயே வடிவேலு, கவுண்டமணி கட்டுக்கட்டாக வந்து இறங்கிவிட்டார்கள். ஸ்டிக்கரில் எழுத்து போயிற்று, பின்னணியும் போயிற்று, வெறும் முகம். எழுத்து போனதும் ஜோக் அனுப்பியவருடையதாகிவிட்டது. நான் வடிவேலு முகத்தை அனுப்பினால் அது அந்த நேரத்துக்கு என் முகம்.

அதே அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் தீபாவளிப் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம்தான் என்று கட்டுப்படுத்தியதும். தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தார்கள். மீதி நேரத்தில் கை சும்மா இருந்தது. அதனால்தான் ஸ்டிக்கர் பெருகியது என்று சாதிக்க வரவில்லை, இரண்டும் ஒரே மாதத்தில் வந்தது வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

20 அக்டோபர், தீபாவளி, காலை 9.40

இப்போதுதான் எழுந்தேன். பட்டாசு நேரம் முடிந்து போச்சு. வெளியே தூறல். குழுவில் அறுபதுக்கு மேல் செய்தி.

20 அக்டோபர், மதியம்

காலியான சென்னையின் படம் வர ஆரம்பித்துவிட்டது. வண்டியே இல்லாத அண்ணா சாலை, திறந்து கிடக்கும் மேம்பாலம், ‘ஊருக்குப் போகாதவனுக்கு இதுதான் சொர்க்கம்’ ரகம். இதையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டும். முந்தின இரண்டு நாளும் கிளாம்பாக்கத்தில் பேருந்துக்கு முண்டியடித்தவர்களையும் பெருங்களத்தூரில் ஊர்ந்து போன வண்டிகளையும் பார்த்து ‘நான் எங்கும் போகவில்லை, நிம்மதி’ என்று போட்டவர்கள்தான் இன்றைக்குக் காலி ரோட்டைப் படம் எடுக்கிறார்கள்.

நானும் இந்த வருடம் இங்கேதான். ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது முதல், தீபாவளி டிக்கெட்டுக்குக் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எட்டு ஐந்துக்கு எழுந்துவிடலாம். நெல்லை எக்ஸ்பிரஸ் நிறைந்துவிடும். நான் உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். அப்புறம் குழுவில் செந்தில் முகத்தைப் போட்டேன். போய்விட்டு வந்தவர்களைவிட நான்தான் கெட்டிக்காரி என்கிற பாவனையில்.

20 அக்டோபர், இரவு

அம்மாவிடமிருந்து போன். வாழ்த்து, கீழ்த்து ஒன்றும் இல்லை. எடுத்த எடுப்பில், “ஏட்டி, அந்தப் பொம்மைய அனுப்பினியே, சாப்டியா இல்லையா?”

என் அலட்டிக்கொள்ளாத முகத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. அம்மா மட்டும் இவள் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை என்று படித்திருக்கிறார். நிஜமாகவே பற்ற வைக்கவில்லை.

22 அக்டோபர்

ஏன் செந்தில், வடிவேலுவை விட்டுவிட்டு ஏன் என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். வரட்டும், இதற்குத்தான் காத்திருந்தேன்.

வடிவேலுவின் அமைதி பயத்தின் மேல் பூசிய சுண்ணாம்பு. கண்ணைப் பார்த்தாலே தெரியும், ஒரு கண் வாசலில் இருக்கும். கவுண்டமணியை இந்தப் பட்டியலிலேயே சேர்க்கக்கூடாது, அவருக்கு எல்லாமே எரிச்சல், எரிச்சல் வருகிறவர் ஒட்டாதவர் கிடையாது. தமிழ் சினிமாவில் உண்மையிலேயே அசையாத முகம் என்றால் செந்தில்தான். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலைப் பொடியாக்கிவிட்டு நிற்கும் முகம். ‘கரகாட்டக்காரன்’ படத்தில் இரண்டு வாழைப்பழத்துக்குக் காசு வாங்கிப் போய் ஒன்றோடு திரும்பி வந்து, இன்னொன்று எங்கே என்று கேட்டால் இதுதான் அது என்று சாதிக்கும் முகம். எதிரில் ஒரு மனிதர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார், இவருக்கு இமைகூட ஆடாது. வந்து முப்பத்தைந்து வருடம் தாண்டியும் அந்த முகத்துக்கு மாற்று வரவில்லை.

22 அக்டோபர், தொடர்ச்சி

எழுதி முடித்த பிறகு ஒன்று உறைத்தது. எதிரில் கவுண்டமணி கத்தாவிட்டால் செந்தில் முகத்தில் என்ன இருக்கிறது? ஒருத்தர் சும்மா நிற்கிறார், அவ்வளவுதான். அவர் எவ்வளவுக்குக் கத்துகிறாரோ அவ்வளவுக்கு இவர் அமைதி. ஸ்டிக்கரில் கவுண்டமணியை வெட்டிவிட்டோம். வெட்டினாலும் நம் காதில் அவர் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

கைப்புள்ளயில் அடியை வெட்டினார்கள், இங்கே கத்தலை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய துண்டு எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தால் நிறைய விஷயம் கிடைக்கும்போல இருக்கிறது. யோசித்துவிட்டு வருகிறேன்.

25 அக்டோபர்

யோசித்ததில் போன வருடம் ஊரில் நடந்தது ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி, எங்கள் வீட்டு அடுப்படி. அத்தை முறுக்கு அச்சைப் பிழிகிறார், மதினி எண்ணெய்ச் சட்டி முன்னால், நான் வெந்த முறுக்கை எடுத்துக் காகிதத்தில் அடுக்குகிறேன். மூன்று பேர் கையிலும் முழங்கை வரைக்கும் மாவு, எண்ணெய். மாவுத் தூக்கின் மூடி மேல் வைத்திருந்த மதினியின் போன் உறுமி உறுமி மூடியோடு சேர்ந்து நகர்கிறது. யாருக்கும் எடுக்கக் கை இல்லை. கடைசியில் நான்தான் சுண்டுவிரல் நுனியால் தட்டிப் பார்த்தேன். குழுவில் யாரோ ‘பலகாரம் எந்த மட்டில் இருக்கு?’ என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கர், காலை நீட்டிச் சாய்ந்திருக்கும் கவலையற்ற முகம் ஒன்று. போட்டது என் அத்தை மகன். அவன் படுத்திருந்தது அடுத்த அறையில், கதவு திறந்திருந்தால் கால் தெரியும் தூரம்.

அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை முழங்கையால் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். “நல்லாத்தான் இருக்கு. ஏட்டி, அந்தப் பயகிட்ட வந்து இந்த அடுப்பக் கொஞ்சம் தணிக்கச் சொல்லு” என்றார்.

மதினியும் அன்றைக்கு ஒரு ஸ்டிக்கர் போட்டார், தூங்கும் பூனை. எல்லாம் கழுவிக் கவிழ்த்து முடித்த பிறகு, நடுராத்திரி தாண்டி. யாரும் பார்க்கவில்லை, காலையில் வாழ்த்துக்கு அடியில் அது புதைந்து போயிற்று.

வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டேனே. எங்கள் வீட்டில் அது அடுப்படியில் இருந்தது.

26 அக்டோபர்

“ஆண்கள் எல்லாரும் அப்படி இல்லை” என்று மூன்று பேர். எல்லாரும் என்று நான் எங்கே சொன்னேன்? முறுக்கு பிழியும் ஆண்கள் இருந்தால் படம் போடுங்கள், கை மாவோடு. எப்படி எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

2 நவம்பர்

ஷார்ஜாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அப்படியே சுருக்கித் தருகிறேன். அங்கே தீபாவளிக்கு விடுமுறை கிடையாது. அன்றைக்கு அவர் வழக்கம்போல வேலைக்குப் போய், மதிய இடைவேளையில் ஊர்க் குழுவைத் திறந்து, செந்தில் முகத்தைப் போட்டுவிட்டு மூடிவிட்டாராம். வாழ்த்துப் போட்டால் ‘எப்ப வர்றே?’ என்று கேட்பார்கள், புதுச்சட்டைப் படம் கேட்பார்கள், பிள்ளையிடம் பேசச் சொல்லிப் போனை நீட்டுவார்கள், அதற்கப்புறம் வேலை ஓடாது. ஸ்டிக்கர் போட்டால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

17-ம் தேதி ‘சீன்தான்’ என்று ஒரே போடாகப் போட்டேன். இவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. இவருடையது கதவு. லேசாகத் திறந்து தலையைக் காட்டிவிட்டு, காற்று உள்ளே வருமுன் சாத்திக்கொள்கிற கதவு.

3 நவம்பர்

என் அத்தை மகனுக்கும் இதே சலுகை உண்டா என்று கேட்காதீர்கள். அவன் அடுத்த அறையில் இருந்தான்.

16 நவம்பர்

வெளிநாட்டு முகங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று குறைப்பட்டவருக்காக. அங்கேயும் கத்தரிக்கோல் வேலைதான்.

தீப்பிடித்த அறையில் தொப்பியோடு உட்கார்ந்து எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லும் நாய் தெரியுமில்லையா? கே. சி. கிரீன் என்பவர் 2013 ஜனவரியில் வரைந்தது. மொத்தம் ஆறு கட்டங்கள். உலகம் முழுக்கச் சுற்றுவது முதல் இரண்டுதான். கடைசிக் கட்டத்தில் நாயின் முகம் உருகி வழிகிறது. கிறிஸ்துமஸ் வீட்டுக் கூட்டத்தைப் பற்றி அந்த நாயைப் போடும் அமெரிக்கர்களில் எத்தனை பேர் ஆறாவது கட்டம் வரை பார்த்திருப்பார்கள்?

தேநீர் உறிஞ்சும் பச்சைத் தவளைப் பொம்மை, கெர்மிட். 2014-ல் பரவியது. அந்தப் படம் ஒரு லிப்டன் விளம்பரத்திலிருந்து வந்தது, தேநீர் விற்க எடுத்தது. இதற்கு மேல் அதில் சரக்கில்லை.

எனக்குப் பிடித்தது கிரம்பி கேட். 2012-ல் பிரபலமான பூனை, உண்மைப் பெயர் டார்டர் சாஸ். 2014-ல் கிறிஸ்துமஸுக்கு என்றே ஒரு தொலைக்காட்சிப் படத்தில் நடித்தது, 2019-ல் இறந்தது. பண்டிகை என்றால் எரிச்சல் என்று சொல்ல ஊரெல்லாம் அந்த முகத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அதற்கு எந்த எரிச்சலும் கிடையாது, பிறவியிலேயே தாடை அமைப்பு அப்படி. எங்கள் சித்தப்பாவுக்கும் அதே அமைப்பு. கல்யாண வீட்டு ஆல்பம் எதை எடுத்தாலும் அவர்தான் சம்பந்தத்தை எதிர்த்தவர் மாதிரி நிற்பார். மனிதர் தங்கம்.

17 நவம்பர்

அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸை மறந்துவிட்டேன் என்கிறார்கள். 2021 ஜனவரி 20, பைடன் பதவியேற்பு. மடக்கு நாற்காலி, முகக்கவசம், கம்பளிக் கையுறை, கால் மேல் கால். அன்று சாயங்காலத்துக்குள் ஆளை நாற்காலியோடு கத்தரித்து நிலவு முதல் கல்யாண மண்டபம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். குளிராக இருந்தது, சூடாக இருக்கப் பார்த்தேன், அவ்வளவுதான் என்று அவரே பின்னால் சொன்னார். பழைய ஸ்வெட்டரை வெட்டி அந்தக் கையுறையைத் தைத்துக் கொடுத்தவர் அவருடைய மாநிலமான வெர்மான்ட்டைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியை. படத்தைப் போட்ட சட்டைகளையும் மற்றதையும் விற்று 18 லட்சம் டாலர் சேர்த்து வெர்மான்ட்டில் தர்ம காரியங்களுக்குக் கொடுத்தார் சாண்டர்ஸ். அலட்டிக்கொள்ளாத முகத்தால் இவ்வளவு வேலை நடந்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நம் வடிவேலுவின் முகத்தால் ஸ்டிக்கர் செயலி வைத்திருப்பவர்கள்தான் சம்பாதிக்கிறார்கள்.

21 டிசம்பர்

ஒருவர் கேபிபராவின் படத்தை அனுப்பி, ‘இதில் எதை வெட்டியிருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று சவால் விட்டிருக்கிறார். வெந்நீர்த் தொட்டி, கழுத்து வரை நீர், பாதிக் கண் மூடியிருக்கிறது, தலையில் ஒரு மஞ்சள் பழம். இந்தப் பருவத்தில் இந்தப் படம்தான் எங்கும் ஓடுகிறது.

இது ஜப்பானில் இஜு ஷாபோட்டன் என்னும் விலங்குக் காட்சிச்சாலையில் தொடங்கிய வழக்கம். கேபிபரா தென் அமெரிக்கப் பிராணி, உலகத்திலேயே பெரிய கொறிவிலங்கு, ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரும். ஜப்பான் குளிர் அதற்கு ஆகாது. 1982-ல் ஒரு குளிர்நாளில் பராமரிப்பாளர் கூண்டை வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாராம், தேங்கிய வெந்நீரில் இவை வந்து கூடி உட்கார்ந்துகொண்டன. அதிலிருந்து குளிர்காலம் வந்தால் தொட்டிக் குளியல். வருடத்தின் மிக நீண்ட இரவு வரும் இந்த டிசம்பர் 21, 22 வாக்கில் ஜப்பானியர்கள் யூசு என்கிற எலுமிச்சை வகைப் பழத்தை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிப்பார்கள். அன்றைக்கு கேபிபராக்களுக்கும் யூசு உண்டு.

ஆக இதுவும் பண்டிகைக் குளியல்தான். ஆனால் இந்தப் பிராணி மட்டும் நடிக்கவில்லை. இதற்கு முன் அடி இல்லை, பின்னால் உருகல் இல்லை, எதிரில் யாரும் கத்தவில்லை. சவாலை ஒப்புக்கொள்கிறேன், படத்துக்குள் வெட்டியது ஒன்றும் இல்லை.

21 டிசம்பர், இரவு

இல்லை, இருக்கிறது. அந்த வெந்நீரைத் தினமும் நிரப்புகிற ஆள்.

28 டிசம்பர்

அவ்வளவு யோசித்தால் எந்த ஸ்டிக்கரும் போட முடியாது என்று ஷார்ஜாக்காரர் சிரிக்கிறார். சரிதான். நான் போடுவதை நிறுத்தவில்லை. நேற்றுகூட அலுவலகக் குழுவில் வருடக் கடைசி வேலைப் பட்டியலுக்குப் பதிலாக கேபிபராவைப் போட்டேன். எங்கள் மேலாளர் கட்டைவிரல் காட்டினார், பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்த்தார்.

10 ஜனவரி 2026

அக்கா மகனிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். இப்போதெல்லாம் போனே ஆளை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது, அவனுக்கு அது விளையாட்டு. வாழைப்பழக் காட்சியை எடுத்து வழக்கத்தைத் தலைகீழாக்கி, செந்திலையும் விட்டுவைத்து, பக்கத்தில் ஓங்கியிருக்கும் கவுண்டமணியின் கையையும் சேர்த்து ஒரே ஸ்டிக்கராக வெட்டிக் கொடுத்தான். முகம் இல்லை, கை மட்டும். செந்தில் இப்போதும் அதே அமைதி, ஆனால் பார்க்க வேறு மாதிரி இருக்கிறது.

பொங்கல் பலகாரம் யார் என்ன செய்வது என்று குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது அதைப் போட்டேன். அத்தை மகன் சிரிப்பு முகம் ஏழெட்டு வரிசையாக அடித்தான். மதினி ஒன்றும் எழுதவில்லை, அதையே எடுத்துத் திருப்பி அனுப்பினார். அத்தைதான் குரல் பதிவில் கேட்டார், “ஏட்டி, இதுல நீ யாரு?” கை என்று எழுதினேன். “அப்ப சீக்கிரம் வா, உளுந்து ஊறப்போடணும்” என்று அடுத்த பதிவு.

டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது. கிடைக்காவிட்டால் பேருந்து. யாரும் காலி ரோட்டுப் படம் அனுப்ப வேண்டாம்.